இருபத்துமூன்றாவது கேள்வி

‘பகல் நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள்?’

இருபத்துமூன்றாவது கேள்வியில் அவளுடைய பேனா நின்றுவிட்டது. பல் செட் செய்யும் கூடத்தில் மதிய இடைவேளை. விரலெல்லாம் பிளாஸ்டர் மாவு. உண்மையைச் சொன்னால் பகலில் வீட்டில் யாருமில்லை. அவள் இங்கே ஊராருக்குப் பல் செய்துகொண்டிருப்பாள். கணவர் எங்காவது நின்றுபோன லிஃப்டை நகர வைத்துக்கொண்டிருப்பார்.

“யாருமில்லைன்னு எழுதினா நாய்க்குட்டி கிடைக்காது, தங்கச்சி,” என்றார் பக்கத்து மேஜைக்காரர். கடவாய்ப் பல் செதுக்குவதில் கெட்டிக்காரர் என்பதால் அவருக்குக் ‘கடவாய்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

‘என் கணவர்’ என்று எழுதினாள்.

இருபத்துநான்கு: ‘வீட்டில் அனைவருக்கும் சம்மதமா?’ முதல் பொய் தனியாக நிற்பதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ‘சம்மதம்’ என்று அதற்குத் துணை சேர்த்தாள்.

கணவரிடம் அவள் கேட்கவே இல்லை. கல்யாணமான புதிதில் தெருவில் ஒரு நாய் குரைத்தபோது, அவர் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டார். பன்னிரண்டு வருடமாக அந்த ஒரு நிமிடத்தை வைத்தே, நாய் ஆகாதவர் என்று அவரைத் தீர்மானித்திருந்தாள். கேட்காமலே பதில் தெரிந்துவிடுவதுதான் தாம்பத்தியம் என்று நினைத்திருந்தாள்.

ஆனால் குட்டி வேண்டும். சாயங்காலம் கதவைத் திறந்தால் யாராவது ஒருவர் தலைதெறிக்க ஓடிவர வேண்டும். அவ்வளவுதான் ஆசை. இரண்டு பேரும் களைத்து வந்து, கேஸ் தீர்ந்துவிட்டதா என்பதற்கு மேல் பேச்சு வளராத வீடு அது.

குட்டிக்காக அவள் போனது டீச்சரம்மாவிடம். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே ஒரு இனம், இரண்டு வருடத்துக்கு ஒரே ஒரு ஈற்று என்று நாய் வளர்ப்பவர். விலையாக மூன்று மாதச் சம்பளத்தைச் சொன்னபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டீச்சரம்மா சிரிக்காமல் ஒரு தடித்த கோப்பை எடுத்துப் போட்டார்.

“இது தாயோட இடுப்பு எக்ஸ்ரே. இது தகப்பனோட இதயப் பரிசோதனை. இது கண்ணு. எல்லாம் சரியா இருந்தாத்தான் சேர்த்தே வைப்பேன். குட்டிங்க பிறந்து மூணு வாரம் நான் பக்கத்துலயே தரையில படுத்தேன். அதுல எனக்குக் கிடைச்ச லாபம் இந்த முதுகுவலி.”

“இல்ல டீச்சரம்மா, விக்கிறவங்கதானே வாங்கறவங்களைத் தாஜா பண்ணுவாங்க...”

“நான் விக்கலம்மா. கட்டிக் கொடுக்கிறேன். நாளைக்கு உன்னால வளர்க்க முடியலைன்னா என்கிட்டத்தான் திருப்பித் தரணும். கையெழுத்துப் போடணும்.”

“பத்து வருஷம் கழிச்சுமா?”

“அப்பத்தான் முக்கியமா. குட்டியைக் கொஞ்ச ஊரே வரும். கிழட்டு நாயைக் கொஞ்ச யார் வர்றா?”

அன்று எரிச்சலோடு போனவள், மனசு நிறைந்து திரும்பினாள். தன்னை யாராவது இப்படி ஆராய்ந்து பார்த்து ஒரு வீட்டுக்கு அனுப்பினார்களா என்றுகூட வழியில் யோசித்தாள்.

ஒரே சிக்கல், மிச்சமிருந்தது ஒரே குட்டி. அவள் இரண்டாம் நம்பர். டீச்சரம்மாவுக்கு ஆட்கள் எல்லாம் நம்பர்தான். படிவத்தில் பெயரும் முகவரியும் உள்ள பகுதியைப் பார்க்காமலே கிழித்துத் தன் கார் டிரைவரிடம் கொடுத்துவிடுவார். பெரிய தெருவா, சின்னத் தெருவா என்று பார்த்து ஆளை எடை போடக்கூடாதாம்.

“ஒண்ணாம் நம்பர் தேறலைன்னாத்தான் உனக்கு. ஆனா அவர் தங்கமான மனுஷன். ஞாயித்துக்கிழமை ஆனா வந்து கூண்டெல்லாம் கழுவிட்டுப் போறார். விலையைக் கேக்கறதுக்கு முன்னாடி, தாய்க்கு உடம்பு தேறிடுச்சான்னு கேட்டார்.”

அந்த முகம் தெரியாத மனிதரை அவள் வெறுக்க முயன்றாள். முடியவில்லை. இப்படி ஒருவரோடு வாழ யாருக்குக் கொடுத்து வைத்திருக்கிறதோ என்று பெருமூச்சு விட்டபடி, சோபாவுக்கு அடியிலிருந்து கணவரின் ஒற்றைக் காலுறையை எடுத்தாள்.

படிவம் போன மறுநாளே டீச்சரம்மா போன் செய்தார். “பகல்ல வீட்ல இருக்கிற உன் வீட்டுக்காரர்கிட்ட நாலு வார்த்தை பேசணும்.”

வேறு வழியில்லாமல் போனைக் கடவாயிடம் நீட்டினாள்.

“வணக்கங்க!” கடவாயின் குரலில் கூடத்துப் பல்லெல்லாம் ஆடின. “ராத்திரி பகல் வீட்லயேதாங்க கிடப்பேன். வேலையா? வேலையே கிடையாதுங்க! வாசல்படி தாண்ட மாட்டேன்!”

அவள் போனைப் பிடுங்குவதற்குள் கேள்வி வந்துவிட்டது: “வேலையில்லாதவர் தடுப்பூசிச் செலவுக்கு எங்கம்மா போவார்?”

“வேலை இல்லாம இல்ல டீச்சரம்மா. அவர்... எழுத்தாளர்.”

“அப்ப இன்னும் மோசம். சனிக்கிழமை நேர்லயே வர்றேன். ஒண்ணாம் நம்பர் வீட்டையும் அன்னிக்கே பார்த்துடறேன்.”

“எழுத்தாளர்னு சொன்னியே, கதையா கவிதையான்னு கேட்டா நான் என்ன சொல்றது?” என்றார் கடவாய், நிஜமான கவலையோடு.

வீட்டுக்கு வந்தால், கணவர் பால்கனியில் போனில் மும்முரமாக இருந்தார். “படியில பாதியில நின்னுடுதா? பரவால்ல, பயமா இருக்கும். அவசரப்படாம மெதுவா இறக்குங்க.” பாவம், லிஃப்டிடம்கூட என்ன கரிசனம் என்று நினைத்துக்கொண்டாள்.

“சனிக்கிழமை உங்களுக்கு டியூட்டிதானே?” என்றாள்.

“லீவு போட்டிருக்கேன்.” அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “நீ வேணா உங்க அக்கா வீட்டுக்குப் போய்ட்டு வாயேன். பார்த்து நாளாச்சு.”

“நீங்க போங்களேன்.”

“உங்க அக்கா வீட்டுக்கு நான் எதுக்குடி?”

அவளுக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவளை வீட்டைவிட்டு அனுப்பப் பார்க்கிறார். போன வாரம் பால்கனிக் கம்பிக்கெல்லாம் வலை அடித்தார், கேட்டால் புறாவாம். தரையில் கிடந்த ஒயரையெல்லாம் தூக்கிக் கட்டினார், கேட்டால் தடுக்குதாம். ஞாயிறு தவறாமல் ஓவர்டைம். தான் மறைப்பதை மறந்துவிட்டு, அவர் என்னவோ மறைக்கிறார் என்று இரவெல்லாம் மனம் கொதித்தது.

சனிக்கிழமை யாரும் எங்கும் போகவில்லை. பத்து மணிக்குக் கணவர் தலையை வாரிக்கொண்டு, “கீழ கேட்டு வரைக்கும் போய்ட்டு வர்றேன்,” என்று படியில் இறங்கினார். அவர் போன மூன்றாவது நிமிடம் லிஃப்டில் ஏறி வந்து மணியடித்தார்கள் டீச்சரம்மாவும் டிரைவரும்.

டீச்சரம்மா விடைத்தாள் திருத்துகிற கண்ணோடு வீட்டைப் பார்த்தார். பால்கனி வலையை விரலால் அழுத்தினார். குனிந்து ஒயர்களைத் தேடினார். தரை துடைக்கும் மருந்து எந்த உயரத்தில் இருக்கிறது என்று அலமாரியைத் திறந்தார்.

“பிரமாதம்! இத்தனை வருஷத்துல இப்படித் தயாரான வீட்டை நான் பார்த்ததில்லை. நீயா பண்ணினே?”

‘ஆமாம்’ என்று ஒரு சொல் போதும். நாக்கு நுனிவரை வந்தது. அந்த வளைந்த முதுகைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டாள். மூன்று வாரம் தரையில் படுத்த மனுஷியிடம் இன்னும் எத்தனை பொய்?

“நான் பண்ணல டீச்சரம்மா. அது புறாவுக்காக இவர் அடிச்சது. இவர் எழுத்தாளர் இல்ல, லிஃப்ட் மெக்கானிக். அன்னிக்குப் பேசினதும் இவர் இல்ல. பகல்ல இங்க யாருமே கிடையாது. குட்டி வரப்போற விஷயமே இவருக்குத் தெரியாது.” அழுகை முட்டியது. “ஒண்ணாம் நம்பருக்கே கொடுத்துடுங்க. கூண்டு கழுவின கை அது. அவர்கிட்டத்தான் அது நல்லா இருக்கும்.”

டீச்சரம்மா சிவப்புப் பேனாவால் படிவத்தில் இரண்டாம் நம்பரைக் குறுக்கே அடித்தார். அடித்த கையாலேயே அவள் தோளைத் தட்டினார்.

“நாப்பத்தோரு கேள்விக்கும் இப்பத்தாம்மா ஒழுங்கா பதில் சொல்லியிருக்கே. மனசு வலிக்குது, ஆனா விதி விதிதான்.” வாசல் பக்கம் திரும்பினார். “டிரைவர், வண்டியை எடுப்பா. ஒண்ணாம் நம்பர் வீட்டுக்குப் போகணும்.”

டிரைவர் கையிலிருந்த இரண்டு முகவரிச் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார், கதவு நம்பரை அண்ணாந்து பார்த்தார், பிறகு காலிலிருந்த செருப்பை நிதானமாகக் கழற்றி விட்டார்.

“வண்டி எதுக்குங்க டீச்சரம்மா, வந்துதானே நிக்கறோம்!”