ரத்து போட்டதும் வில்லங்கம் காப்பாற்றியதும்

குடவாசல்,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு

பிரியமுள்ள மகள் கமருன்னிஸாவுக்கு அத்தா நெய்னா முகம்மது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் அம்மாவும் சுகம். பெங்களூரில் நீயும் சுகமாயிருக்க துஆ செய்கிறோம். போனில் சொன்னால் பாதியிலேயே சிரிக்க ஆரம்பிச்சுடுவே, அதனால்தான் கடிதம்.

புறவழிச்சாலைக்கு நிலம் எடுக்கும் விசாரணைக்கு, நாற்பத்து மூன்று குத்தகைக் குடும்பங்களின் ஆட்சேபணைப் பட்டியலை நான் தயார் செய்தது உனக்குத் தெரியும். தினம் மூணு திருத்தம். ஒன்றும் தொலையக் கூடாது என்று, ஒவ்வொரு திருத்தத்தையும் தனித்தனியே பத்திரப்படுத்தி வைக்கிற 'கிட்' என்பதை நீ கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தாய். இங்கிலீஷ் கட்டளையெல்லாம் எனக்கு வராது என்று, முப்பது வருஷம் பத்திரம் எழுதினவனுக்குப் புரிகிற பேரா வைத்தாய்: சேமிக்க 'தாக்கல்', பழசையும் புதுசையும் பார்க்க 'ஒப்புநோக்கு', பின்வாங்க 'ரத்து'. நல்ல காரியம்தான், ஆனா அந்த ரத்து இருக்கே!

விசாரணைக்கு முந்தின நாள் காலை, குத்தகைக்காரர் ஆசீர்வாதத்தின் சர்வே எண்ணைத் தப்பாகத் தாக்கல் செய்துவிட்டேன். 'ரத்து' அடித்தேன். ஏதோ ஒரு வரி இங்கிலீஷில் வந்தது, வேறொன்றும் நடக்கக் காணோம். மறுபடி அடித்தேன். பத்திர ஆபீஸில் ரத்துப் பத்திரம் எழுதினால் பழசு புத்தகத்தில் அப்படியே இருக்குமே, அந்தத் தைரியத்தில் நாற்பது தடவை அடித்திருப்பேன். உன் ரத்து ஒவ்வொரு தடவையும் ஒரு தாக்கலைத் தின்றுகொண்டு பின்னால் போகிறது என்று யாருக்குத் தெரியும்? கோப்பைத் திறந்தால் இரண்டே குடும்பம்! அந்த நேரம் பார்த்து சவரியம்மாள் வந்து, "எங்க அஞ்சு மா நிலம் பட்டியல்ல ஏறிடுச்சுங்களா பாய்?" என்கிறாள். "ஏறிடுச்சும்மா, உக்காரு" என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன், அல்லாஹ் மன்னிக்கணும். உன் போனோ சுவிட்ச் ஆஃப். உன் அம்மா அடுப்படியிலிருந்து, "பத்திரத்தைக் காணோம்னு யார் வந்தாலும் வில்லங்கம் போட்டுப் பாருன்னு சொல்லுவீங்களே, இப்ப நீங்க போட்டுப் பாருங்களேன்" என்றாள். கேலிதான். நானும் வந்த ஆத்திரத்தில் 'வில்லங்கம்' என்றே அடித்தேன். அடி மகளே, அந்தப் பேரிலும் நீ ஒரு கட்டளை வைத்திருக்கிறாயே! முதல் நாளிலிருந்து செய்த தாக்கலும் போட்ட ரத்தும் தேதிவாரியாக வந்து நின்றன. தப்புக்கு முந்தின வரிக்கு நகர்ந்து என்டர் தட்டினேன். நாற்பத்து மூன்று குடும்பமும் வந்துவிட்டது. சவரியம்மாள் எதிரிலேயே அழுதுட்டேன்.

மறுநாள் விசாரணையில் அதிகாரி பட்டியலைப் புரட்டிப் பார்த்து, "இவ்வளவு சுத்தமா யாருங்க எழுதினது?" என்றார். சாலையை வேறு பக்கம் திருப்பி அளக்க உத்தரவும் ஆகிவிட்டது. இனி எனக்கு ஒரு கவலையும் இல்லை. உன் கைக்கும் கண்ணுக்கும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். அம்மா சலாம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
அத்தா

பி.கு.: கவரை ஒட்டும்போது தலையாரி அரசப்பன் வந்தார். புதுக் கோடு நம்ம மூணு மாவுக்கு நடுவால போகுதாம். எழுதிக் கொடுக்கிறவன் நிலமும் பட்டியலில் இருந்தால் நன்றாயிருக்காது என்று, பழைய கோட்டை ஒட்டியிருந்தும் நம் பேரை நான் சேர்க்கவே இல்லை. புதுப் பட்டியல் தொடங்கிவிட்டேன். குடும்பம்: ஒன்று. சாட்சிக் கையெழுத்துப் போட வாசலில் நாற்பத்து மூன்று பேர் நிற்கிறார்கள்.