சாசனத்தைத் திருத்திய மணிமாறன்

மக்களாட்சி எந்த நாட்டில் பிறந்தது என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை உண்டு. அது முழு வளர்ச்சி அடைந்தது 2006-இல், ஷார்ஜாவில், ஓர் ஓட்டலின் ஏசி அரங்கில், மதிய பிரியாணிக்குச் சற்று முன்பு என்பதில் சண்டையே இல்லை.

அன்று ‘தேன்தமிழ்த் திரள்’ சங்கம் தன் விதிகளைத் திருத்தக் கூடியது. விதிகள் என்றால் தலைவர் ரகுநாதனுக்குப் பிடிக்காது. ‘அரசியல் சாசனம்’ என்றே சொல்ல வேண்டும். “கடைக்கோடிக் குடிமகனும் திருத்தம் கொண்டுவரலாம். மூன்றில் இரண்டு பங்கு கை தூக்கினால் அது சட்டம்” என்று அறிவித்திருந்தார். கடைக்கோடிக் குடிமகன் நிஜமாகவே வந்துவிடுவான் என்று எதிர்பார்க்கவில்லை.

முவைலா தொழிலாளர் கேம்பிலிருந்து வந்த ஷட்டரிங் கார்பென்டர் மணிமாறன் எழுந்தான்.

“சார், எங்க ரூம்ல பர்னபாஸ் அண்ணன் தூக்கத்துலயே போயிட்டாரு. நம்ம சங்கத்து மெம்பர். விசா குடுத்த கபீல் போனே எடுக்க மாட்டேங்கிறான். பாடி ஆஸ்பத்திரியிலயே கெடக்கு. ஊர்ல அவரு சம்சாரம் தேவகனி அக்கா தெனமும் போன் பண்ணி அழுவுது. மெம்பர் செத்தா சங்கம் கூட நின்னு ஊருக்கு அனுப்பி வைக்கணும். அதைச் சாசனத்துல போடுங்க.”

அரங்கம் நெகிழ்ந்தது. பிறகு விவாதித்தது. ‘செத்தால்’ என்பது சாசனத்துக்கு ஆகாது என்றார் செயலாளர் விஜயபாஸ்கர். ‘இறந்தால்’ வறட்சியாக இருக்கிறது என்றார் பொருளாளர் ஜெயபாரதி. ‘இயற்கை எய்தினால்’ என்று முடிவாகும் நேரத்தில் மணிமாறன் கேட்டான்: “சாரம் சரிஞ்சு செத்தா அது இயற்கைங்களா?”

அதற்கு ஓர் உபகுழு அமைக்கப்பட்டது.

“கண்டவனும் செத்தவன் பேரைச் சொல்லிக்கிட்டு வந்து நின்னா?” என்று விஜயபாஸ்கர் கவலைப்பட்டார். ரகுநாதன் கண்ணை மூடி யோசித்து, ஒரு ‘பாதுகாப்பு வாசகம்’ சேர்த்தார். அதற்குள் பிரியாணி வாசனை வந்துவிட்டது. கைகள் ஒருமனதாக உயர்ந்தன.

வாசகம் படிக்கப்பட்டபோது மணிமாறனுக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள். படம் எடுப்பதற்காகச் சிரித்துக்கொண்டே கேட்டான். படம் எடுத்து முடித்த பிறகுதான் அர்த்தம் உறைத்தது.

கேம்பில் ரூம் வாசலிலேயே அறைத்தோழன் பிஜு காத்திருந்தான். “என்ன ஆச்சு?”

“பாஸாயிருச்சு. இனிமே சங்கமே எல்லாம் பாத்துக்கும்.”

“பின்ன என்ன, இப்பமே போவோம்.”

மணிமாறன் பொன்னாடையை மெல்ல மடித்தான்.

“நாம போயி ஆவாது. இயற்கை எய்தினவரு நேர்ல வந்து கேக்கணுமாம்.”