ராஜா ஓடலை

"ராஜா ஓடலை!"

சரித்திர ஆசிரியர் இப்படிக் கத்தியபோது அவருடைய தலையும் தோளும் மலைக்கோட்டை மதிலின் வடிகால் துவாரத்துக்குள் இருந்தன. இடுப்பும் கால்களும் மட்டும் வெளியே, மனைவியின் பொறுப்பில்.

எல்லாம் வழிகாட்டி சொன்ன ஒரு வாக்கியத்தால் வந்த வினை. "கடைசி ராஜா இந்த ஓட்டை வழியாத்தான் தப்பிச்சு ஓடினார் சார்."

கடைசி ராஜா கோட்டை வாசலில் வாளோடு நின்று, வாரிசில்லாமல் மாண்டார் என்று முப்பத்திரண்டு வருஷம் பாடம் நடத்தியவர் ஆசிரியர். அந்த வரி வரும்போதெல்லாம் வகுப்பையே எழுந்து நிற்கச் சொல்வார்.

"இதுல ஒரு பூனை போகுமாய்யா? நுழைஞ்சு காட்டறேன், பாரு!"

காட்டினார். மாட்டிக்கொண்டார்.

"சரி, நிரூபிச்சாச்சு. வெளிய வாங்க," என்றாள் மனைவி.

"வர முடிஞ்சா வர மாட்டேனா?"

அவள் காலைப் பிடித்து இழுத்தாள். செருப்பு வந்தது. மறுபடி இழுத்தாள். பேன்ட் வரப் பார்த்தது.

"விடுடி! மானம் போகுது!"

"அது அப்பவே போயாச்சு. இருபது பேர் போட்டோ எடுக்கறாங்க."

வழிகாட்டி ஓடிப்போய், கோட்டைக் கதவின் கீலுக்குப் போடும் எண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றினான். ஆசிரியர் வழுக்கினார், உள்பக்கமாக. இப்போது பாதங்கள் மட்டுமே வெளியே தெரிந்தன.

வழிகாட்டி குனிந்து கேட்டான். "இப்பவாவது ஒத்துக்கறீங்களா சார்? ராஜா ஓடினார்தானே?"

"செத்தாலும் சொல்ல மாட்டேன்!" என்று மதில் எதிரொலித்தது.

"இவரை இழுத்துப் பிரயோஜனமில்லை. தள்ளுங்க," என்றாள் மனைவி.

இருவரும் சேர்ந்து ஒரே தள்ளு. ஆசிரியர் கோட்டைக்கு வெளியே, மலைச்சரிவுப் புதரில் தலைகுப்புற விழுந்தார்.

அங்கே சருகு கூட்டிக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் ஒருத்தி ஓடிவந்து தூக்கிவிட்டாள். சட்டை கிழிந்து, எண்ணெய் வழிய நின்றவர் அவளிடமும் மார்பை நிமிர்த்தினார்.

"நான் வந்துட்டேன்னா ராஜாவும் வந்தார்னு அர்த்தமில்லைம்மா. அவர் வீரன். ஓடலை. வாசல்லயே நின்னு, வாரிசில்லாம செத்தார்!"

அவள் அவர் தலையிலிருந்த முள்ளை மெதுவாக எடுத்துப் போட்டாள்.

"அப்படிச் சொல்லாதீங்க சார். அவர் அங்கேயே செத்திருந்தா, அவர் வம்சத்துல நான் எப்படிப் பொறந்திருப்பேன்?"