சைட்கார் அண்ணையின் அரிசி மூட்டை

2009ஆம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் சரியாகப் பன்னிரண்டே காலுக்கு, கோயில் சமையல்காரர் ஓர் அரிசி மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்தார். அதோடு எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது.

அரிசி மூட்டைக்கு ஹெல்மெட் போட்டு லண்டன் முழுக்கக் கொண்டு திரிந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான்: கோலியர்ஸ் வுட்டில் எங்கள் தெருவில் இருந்த சைட்கார் அண்ணை. சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. ஜெர்மனியில் கராஜ் ஒன்றில் வேலை செய்துவிட்டு இங்கே வந்தவர். மற்றவர்கள் அங்கிருந்து சட்டி பானை கொண்டுவந்தார்கள். இவர் உலக யுத்தத்தில் ஓடிய மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தார். அதன் பக்கத்தில் பூட்டிய, ஓர் ஆள் இருக்கக்கூடிய சைட்கார் ஜெர்மன் வழக்கப்படி வலப்பக்கம். லண்டன் வீதியில் அது நடுவீதிக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே இருப்பவர் எதிரே வரும் பஸ் டிரைவருக்குக் கை கொடுக்கலாம்.

வெறும் சைட்காரோடு வலப்பக்கம் திரும்பினால் அது அந்தரத்தில் எழும்பிவிடும். அதற்குத்தான் மூட்டை.

"சண்டையில அதுக்குள்ள துவக்குக்காரன் இருப்பான், தங்கச்சி. அவன்ர பாரம்தான் ஓட்டுறவனுக்கு உயிர். அவன் போயிட்டா மண்மூட்டை."

"பிறகு உங்களுக்கேன் அண்ணை சம்பா அரிசி?"

"மண்ணைச் சமைக்கேலாதே!"

தெருவில் யார் அகப்பட்டாலும் அவருக்குப் பாடம்தான். "இந்த வண்டியளை ஆபிரிக்காவில மணல் திண்டது, ரஷ்யாவில சேறு விழுங்கினது, மிச்சத்தை ஜீப் வந்து முடிச்சுது" என்று, தன் சொந்தத் தம்பிமாரைப் பறிகொடுத்தவர்போலக் கண் கலங்குவார். அந்த வருடம் எங்கள் வீடுகளில் டிவி அணையாமல் ஊர்ச் சண்டையைக் காட்டிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி மட்டும் அண்ணை வாய் திறந்ததில்லை. அடுத்தவன் சண்டையில் செத்தவர்களை அவருக்குத் தெரியாது, ஊரில் செத்தவர்களைத் தெரியும் என்பதுதான் காரணமோ என்னவோ.

அந்தச் சனிக்கிழமை வண்டியைக் கோயில் வாசலில் விட்டுவிட்டுக் கும்பிடப் போனார். கோயில் வாசலில் அரிசி மூட்டை இருந்தால் எங்கள் சனத்துக்கு ஒரே அர்த்தம்தான். யாரோ நேர்த்திக்குக் கொண்டுவந்தது என்று சமையல்காரர் எடுத்துக்கொண்டார். நல்ல மனிதர். மழை வரும்போல் இருந்ததால் சைட்காரை மேல்துணியால் மூடி, ஹெல்மெட்டையும் அதன் மேல் மரியாதையாக வைத்துவிட்டுப் போனார்.

என் மகள் ஆரணிக்கு அன்று வயலின் பரீட்சை. கோயில் வாசலில் என் காரை வேறு கார்கள் மறித்து நின்றன. நான் பதறிக்கொண்டு நிற்க, "நான் கொண்டுபோய் விடுறன்" என்றார் அண்ணை.

"சைட்காருக்குள்ள வேண்டாம், அண்ணை. வாற பஸ்ஸெல்லாம் பிள்ளையின்ர முகத்துக்கு நேர. பின்னால இருத்துங்கோ."

"சரி, தங்கச்சி. அரிசி கிடக்கு, பயமில்லை."

தெருமுனையில் வலப்பக்கம் திரும்பினார். முதலில் மேல்துணியில் இருந்த ஹெல்மெட் பறந்தது. பிறகு சைட்கார் எழும்பியது. வண்டி மறுபக்கம் சரிந்து ஒரு வீட்டு வேலிக்குள் போய் விழுந்தது. ஆரணிக்கு மணிக்கட்டு முறிந்தது, அண்ணைக்குக் கால். கோயிலில் அன்று சோறு நன்றாக இருந்ததாம்.

அதன்பிறகு அண்ணை எங்கள் வீட்டுப் பக்கம் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. வைகாசியில் ஊர்ச் சண்டை முடிந்தது. தெருவில் ஒவ்வொரு வீடாக டிவி அணைந்தது. அண்ணையும் தன் மணலையும் சேற்றையும் மறந்துபோனார். கால் தேறியதும் வண்டியைச் சவுத்தாலில் இருக்கும் ஒருவருக்கு விற்றுவிட்டார்.

வண்டியை எடுக்க அவர் வரவிருந்த நாள், கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்க்க அண்ணைக்கு ஆசை. ஏறி இருந்தார். வெறும் சைட்காரைப் பார்த்தார். எங்கள் தெருச் சனம் எல்லாம், அதில் ஏறச் சொல்லிவிடுவாரோ என்று, சப்பாத்து நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"அரிசி கொண்டுவரட்டோ, அண்ணை?" என்றேன்.

"வேண்டாம், தங்கச்சி. அந்த மூட்டையை இனிப் பாக்கேலாது." இறங்கப் போனார்.

எங்கள் வீட்டுக் கதவு திறந்தது. ஆரணி ஹெல்மெட்டோடு வந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன், மெதுவாக எடுத்துவிட்டாள். சைட்காருக்குள் இறங்கி, மேல்துணியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சொன்னாள்:

"அங்கிள், அரிசி மூட்டை வந்திட்டுது. வெளிக்கிடுங்கோ."