வலிக்காத தோளுக்கு வைத்தியம்

கம்ப்யூட்டரில் நான் குணப்படுத்தாத தோள்பட்டையே கிடையாது. உயிருள்ள தோள்பட்டையில்தான் கோட்டை விட்டேன்.

அப்போது பொத்தேரி பக்கம் பிசியோதெரபி படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் துறைக்குப் புதிதாக ஒரு சிடி வந்தது. போட்டால் திரையில் ஒரு நோயாளி உட்கார்ந்திருப்பார். மவுஸால் அவர் கையைச் சரியான அளவுக்குத் தூக்கினால் 'டிங்' என்று சத்தம் வரும், நூறு மார்க்! எனக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பாட்டு நேரத்திலும் லேபிலேயே கிடந்தேன். ஒரே வாரத்தில் ஐம்பது பேரைக் குணப்படுத்தினேன் (ஐம்பதும் அதே ஆள்தான்).

சிடி பற்றி மாணவர்களின் கருத்தைக் கேட்டு ஒரு படிவம் கொடுத்தார்கள். பின்பக்கமும் சேர்த்து எழுதித் தள்ளினேன். கடைசி வரி: "இனிமேல் நிஜ நோயாளிகளே தேவையில்லை."

செய்முறைத் தேர்வுக்கு நிஜ நோயாளிதான் வந்தார். மாமல்லபுரத்தில் சிலை செதுக்குபவர், தோள் இறுகிப்போனவர். தேர்வாளர் எங்கள் துறைத் தலைவி. தவறினால் ஆறு மாதம் அம்பேல். ஆனாலும் எனக்கு ஒரே குஷி! வலது கையைப் பிடித்துத் தூக்கினேன். வழுக்கிக்கொண்டு காதுவரை போனது.

"பாத்தீங்களா மேடம், எவ்ளோ இம்ப்ரூவ்மென்ட்!"

மேடம் மார்க் ஷீட்டில் ஏதோ எழுதினார். சிற்பிதான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பாப்பா, வலி இடது கையில கீது. இது நல்ல கை."

"மொதல்லயே சொல்லக் கூடாதாண்ணா?"

"நீ கேக்கவே இல்லியேம்மா. படிச்ச பொண்ணு, இன்னாவோ காரணமாத்தான் செய்யுதுன்னு கம்முனு குந்திகினு இருந்தேன்."

சிடி நோயாளிக்கு எப்போதும் வலது தோள்தான். அவர் பேசவும் மாட்டார். அதனால் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. மேடம் ஃபைலிலிருந்து என் கருத்துப் படிவத்தை எடுத்துக் கடைசி வரியைச் சத்தமாகப் படித்தார். யாருக்கு? சிற்பிக்கு! பூமி பிளந்தால் குதித்திருப்பேன். ஃபெயில்.

ஆறு மாதம் கழித்து மறுதேர்வுக்கும் அதே சிற்பிதான் வந்தார். "வலி எந்தப் பக்கம்ணா?" என்று நான் வாயெடுப்பதற்குள் இடது கையைக் காட்டினார். அதில் ஒரு சிவப்புத் துணி.

"நீ மறந்துட்டின்னா பேஜாராப் பூடுமேன்னு கட்டிகினு வந்தேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பாஸ்!

இன்று கூடுவாஞ்சேரியில் சொந்தமாக கிளினிக் வைத்திருக்கிறேன். இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து எங்கள் வீட்டில் மட்டும் யாரும் வலியை வாயால் சொல்வதில்லை, சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு எதிரே வந்து நிற்பார்கள். போன வாரம் என் கணவர் அதைத் தலையில் கட்டிக்கொண்டு வந்தார். "எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"உள்பக்கம். உன்னாலதான்."