பன்றி வேட்டையும் நீலப் புடவையும்

"இந்த வருசம் ஒரு காட்டுப்பன்னி நம்ம கொல்லையில கால வெச்சுதுன்னா, நான் மீசைய எட்த்துடறேன்!"

திருவேங்கடம் கர்ஜித்தபோது மனைவி ரேணுகா தோசை திருப்பிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போன வருஷமும் அவர் அதே மீசை மேல்தான் சத்தியம் செய்திருந்தார். முக்கால் காணிக் கொல்லையின் வேர்க்கடலையும் பன்றிகளுக்கு விருந்தாகப் போனது. மீசை மட்டும் பத்திரமாக இருந்தது.

ஐ.டி. கம்பெனி வேன் ஓட்டி ஓய்ந்தவர் திருவேங்கடம். இருபத்தைந்து வருஷம் ஓ.எம்.ஆரில் ஹாரன் அடித்த கைக்கு இப்போது ஒரு வீரச்செயல் தேவைப்பட்டது. அந்தக் காலத்தில் நாலு நாயோடு முன்னால் ஓடி, காட்டுப்பன்றிக் கூட்டத்தையே திருக்கழுக்குன்றம் மலைவரை விரட்டினவர் என்பது அவர் சொல்லும் சரித்திரம். பக்கத்துக் கொல்லைக் கேசவன் சொல்லும் சரித்திரம் வேறு.

"நாய்ங்க ஓடிச்சி, வாஸ்தவம். நீ பனமரத்து மேலதான இருந்த?"

"மேல இருந்தாத்தான்டா பன்னி எங்க போவுதுன்னு தெரியும்!"

மார்கழியில் விதை போட்ட கையோடு இரண்டு நாய்க்குட்டிகள் வீட்டுக்கு வந்தன. ஒல்லி உடம்பு, நீள மூக்கு, வாலில் ஓயாத ஆட்டம். திருவேங்கடம் அவற்றுக்கு வேங்கை, சிறுத்தை என்று பெயர் வைத்தார். ரேணுகா மிக்சர், முறுக்கு என்று கூப்பிட்டாள். நாய்கள் எதற்குத் திரும்பிப் பார்த்தன என்று சொல்லவே வேண்டாம்.

வனக்காவலர் ஜெயக்குமார் வந்து எச்சரித்துவிட்டுப் போனார். "கொல்லக் கூடாது. நாய வுட்டு கடிக்கவும் வுடக் கூடாது. வரப்பு வரைக்கும் தொரத்து, அத்தோட நில்லு."

"அது போதும் சார், அதுலயே பாதி வேட்ட கீது" என்றார் திருவேங்கடம்.

பயிற்சி தொடங்கியது. பன்றி புரண்ட சேற்றை ஒரு கோணிச் சாக்கில் அப்பி, கயிறு கட்டி, கொல்லை முழுக்க அவரே இழுத்துக்கொண்டு ஓடுவார். சாக்கை ஒளித்துவிட்டு வந்து, "தேடு!" என்பார். நாய்கள் மூக்கைத் தரையில் வைத்துப் பறக்கும். கண்டுபிடித்தால் சட்டைப்பையிலிருந்து பிஸ்கட். மாசி மாதத்துக்குள் நாய்கள் ஒரு தடவைகூடத் தவறவில்லை. திருவேங்கடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். மீசைக்கு எண்ணெய் தடவினார்.

கடலை பிடுங்கப் பதினைந்து நாள் இருந்தபோது, ரேணுகா பீரோவைத் திறந்து பழைய புடவைகளையெல்லாம் வாரி எடுத்தாள்.

"இன்னாமே பண்ற?"

"வேலி கட்றேன். கலர் கலரா துணி ஆடுச்சினா பன்னி கிட்ட வராது. ஊர்ல எல்லாரும் கட்டிகினு கீறாங்க."

"ரெண்டு வேட்டை நாயி கீது. அதுங்க மானம் போவுமே!"

"சரிய்யா, பந்தயம். பொடவ வேலி தாண்டி பன்னி வந்து, உன் நாயி அத்த கண்டுபுடிச்சி தொரத்துச்சினா நீ ஜெயிச்ச. பொடவயெல்லாம் அவுத்துடறேன். இல்லனா, என்ன காஞ்சிபுரம் இஸ்துகினு போயி ஒரு பட்டு எட்த்து குடுக்கணும். கட்றதுக்கு இன்னா கீது எனக்கு?"

கேசவன் சாட்சி. திருவேங்கடம் ஒப்புக்கொண்டார்.

பத்து நாள் ஒரு பன்றிகூட எட்டிப் பார்க்கவில்லை. நாய்கள் நிழலில் படுத்துத் தூங்கின.

பதினோராம் நாள், வெயில் தாழ, திருவேங்கடம் வேலியோரமாக நடந்தார். வேலி முழுக்க அவருடைய குடும்பம் ஆடிக்கொண்டிருந்தது. மகள் பிறந்தபோது ரேணுகா கட்டிய மஞ்சள். மாமியார் வீட்டுச் சீர்ச் சிவப்பு. வடக்கு மூலையில், வெள்ளைப் புள்ளி போட்ட ஒரு நீலம்.

அவர் அங்கேயே நின்றுவிட்டார். கல்யாணமான பதினாறாம் நாள் இருவரும் மகாபலிபுரம் போனார்கள். உருண்டைப் பாறையைத் தள்ளுவதுபோல ரேணுகா கை வைத்து நின்றாள். கடற்கரையில் ஓர் அலை வந்து முழங்கால்வரை நனைத்தது. அவள் அலறிக்கொண்டே அவர் தோளைப் பிடித்தாள், பிடித்த கையை வீடு வரும்வரை பஸ்ஸில் எடுக்கவில்லை. அந்தப் புடவை! இன்று பன்றிக்குப் பயம் காட்டுகிறது! அவருக்குக் கண் கலங்கியேவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தார். அவிழ்த்தார். சுருட்டிக்கொண்டு போய் மோட்டார் கொட்டகையில் மண்வெட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். ஒரு புடவை இல்லாவிட்டால் என்ன, பன்றி எண்ணியா பார்க்கப் போகிறது?

விடிந்ததும் தெரிந்தது. வடக்கு மூலையில் பத்துப் பாத்தி, ஏர் ஓட்டினதுபோலக் கிடந்தது.

"நான் கட்ன பொடவ எங்கய்யா இங்க?" என்றாள் ரேணுகா.

"காத்துல போயிருக்கும். அத்த வுடு. இப்ப பாரு என் புள்ளைங்க வேலைய! பன்னி எந்தப் பக்கம் போச்சோ, அங்க போயி நிக்கும்!"

கேசவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திருவேங்கடம் நாய்களை மூலையில் கொண்டுவந்து விட்டார். "தேடு!"

இரண்டும் தரையை மோந்தன. வாலை ஆட்டின. பாய்ந்தன. மலைப்பக்கம் அல்ல, மோட்டார் கொட்டகைப் பக்கம்.

அப்போதுதான் திருவேங்கடத்துக்கு விஷயம் உறைத்தது. மூன்று மாதமாகச் சாக்கை இழுத்துக்கொண்டு ஓடியது அவர். பிஸ்கட் இருந்தது அவர் பையில். நாய்கள் கற்றுக்கொண்டது பன்றியின் வாசனையை அல்ல, அவருடைய காலடியை. மண்வெட்டி சரிந்து விழும் சத்தம் கேட்டது. மிக்சர் ஒரு முனையையும் முறுக்கு மறு முனையையும் கவ்விக்கொண்டு, நீலப் புடவையை ஊர்வலமாகக் கொண்டுவந்து அவர் காலடியில் போட்டுவிட்டுப் பிஸ்கட்டுக்காக உட்கார்ந்தன.

கேசவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"எதுக்குய்யா அவுத்த?" ரேணுகாவின் குரல் தணிந்திருந்தது. அதுதான் ஆபத்து.

திருவேங்கடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். கடலை போனது, பந்தயம் போனது, உண்மையாவது மிஞ்சட்டும். "மனசு கேக்கலமே. மகாபலிபுரம் போனமே, அன்னிக்கி நீ கட்டிகினு வந்த பொடவ. அத்த போயி பன்னிக்கு மாட்றதா?"

ரேணுகா குனிந்தாள். புடவையை எடுத்து மண்ணைத் தட்டினாள். அவரையே பார்த்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் அப்படி ஒரு பார்வையை அவர் ஏழெட்டுத் தடவைதான் பார்த்திருக்கிறார். தோற்றாலும் ஜெயித்துவிட்டோம் என்று அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"காஞ்சிபுரம் நாளைக்கி காலையில நாஸ்தா துன்னுட்டு கெளம்பலாம்" என்றாள். பிறகு புடவையை மறுபடி வேலியில் கட்டிக்கொண்டே சொன்னாள்: "இது உன் தங்கச்சி ஆடிக்கு வந்தப்போ வுட்டுட்டு போனது. நான் அன்னிக்கி கட்னது பச்சை. அத்த கிழிச்சி நீதான்யா ரெண்டு வருசம் வேன் தொடச்ச."