கம்பி சொன்ன ஒன்பது மாதத் தண்ணீர்

லப்பக் நகரத்துப் பழைய பஞ்சுக் கிடங்கின் வாசலில் அன்று வண்டி நிறுத்த இடமில்லை. டெக்சஸ் மாநிலத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் இன்சூரன்ஸ் சர்வேயர்கள் பயிற்சிக்கு வந்திருந்தார்கள். புயலில் பறந்த கூரையையும், குழாய் வெடித்து ஊறிய சுவரையும் பார்த்து நஷ்டம் எவ்வளவு என்று எழுதுகிறவர்கள். வீடு எரிந்துவிட்டது என்று ஒருவன் அழுதால், சாம்பலைக் காட்டு என்று கேட்கிற ரகம். அப்படிப்பட்ட சந்தேகப் பிராணிகள்தான் இரண்டு பித்தளைக் கம்பிகளைத் தரிசிக்க முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள்.

கம்பிகளின் சொந்தக்காரர் லையல் ஹட்ஸ்பெத். வெள்ளைத் தொப்பி, வெள்ளிப் பூண் போட்ட பெல்ட், பிரசங்கியார் குரல். தலைமுறை தலைமுறையாகக் கிணற்றுக்கு நீரோட்டம் பார்த்த குடும்பம். கிணறு வெட்டுகிறவர்கள் குறைந்துபோனதும் கம்பி இன்சூரன்ஸ் துறைக்கு உத்தியோகம் மாறிக்கொண்டது. அதைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்தால், உள்ளே ஈரம் இருக்கும் இடத்தில் இரண்டு கம்பியும் ஒன்றின்மேல் ஒன்று சாயுமாம். அதோடு விட்டதா? அந்தத் தண்ணீருக்கு என்ன வயது என்றும் சொல்லுமாம். மரச்சட்டத்தில் அட்டைப் பலகை அடித்த சுவரை அறுக்க வேண்டாம், தரையைப் பெயர்க்க வேண்டாம். தண்ணீருக்கு ஜாதகம் கணித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

வயதில்தான் சூட்சுமமே இருந்தது. குழாய் திடீரென்று வெடித்திருந்தால் கம்பெனி பணம் தந்தாக வேண்டும். மாதக்கணக்கில் கசிந்திருந்தால், நீ ஏன் கவனிக்கவில்லை என்று கையை விரித்துவிடலாம். ஹட்ஸ்பெத்தின் கம்பி கண்ட தண்ணீரெல்லாம் அநேகமாகப் பழைய தண்ணீர்தான். எந்தப் பக்கம் சோறு விழும் என்று பித்தளைக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

கூட்டத்தில் நொரீனும் இருந்தாள். வேலைக்குப் புதிது. ஹட்ஸ்பெத் கையெழுத்திட்ட சான்றிதழ் இல்லாவிட்டால் அந்த வேலையும் நிலைக்காது. ஆனாலும் அவளுக்குக் கம்பியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. முந்தின நாள் அவளையும் அவளுடைய மேலதிகாரி டுவெயினையும் ஹட்ஸ்பெத் நேரடிப் பயிற்சிக்கென்று ஓப்பல் என்பவளின் வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார். ஓப்பல் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். உறைபனி வாரத்தில் குழாய் வெடித்துத் தரையெல்லாம் ஊறிப்போய், பிள்ளைகளோடு தேவாலயக் கூடத்தில் படுத்துக்கொண்டிருந்தாள். கம்பி சாய்ந்தது. ஒன்பது மாதக் கசிவு என்றார் ஹட்ஸ்பெத். கிளெய்மைத் தள்ளிவிடு என்றார் டுவெயின்.

"ஒன்பது மாசமா ஒழுகியிருந்தா எம் பிள்ளைங்க அந்த ரூம்லதான மேடம் படுத்திருக்கும்? பெத்தவளுக்குத் தெரியாதா?" என்று ஓப்பல் நொரீனைப் பார்த்துக் கேட்டாள். நொரீனுக்கு வெட்கமாக இருந்தது.

பஞ்சுக் கிடங்குக்குள் ஒரு முழு வீட்டையே கட்டிவைத்திருந்தார்கள். ஹால், சமையலறை, குளியலறை, படுக்கையறை எல்லாம் உண்டு. குடியிருக்க அல்ல, கெடுப்பதற்கு. வகுப்புக்கு முன்னால் வாத்தியார் சுவர்களை நனைத்துக் கெடுத்துவைப்பார். சேதம் எங்கே என்று மாணவர்கள் தேடவேண்டும். இந்தத் தொழிலில் அதுதான் பழக்கம். அதன்படி முந்தின மாலை ஹட்ஸ்பெத் உள்ளே போய்த் தாழ்போட்டுக்கொண்டு சுவர்களை நனைப்பார். மறுநாள் காலையில் அதே சுவர்களைக் கம்பி கண்டுபிடிக்கும். கூட்டம் ஆமென் சொல்லும். இதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய அவசியமே வரவில்லை. தானே ஒளித்துவைத்துத் தானே கண்டெடுப்பதைக் குழந்தை செய்தால் சிரிக்கிறோம். தொப்பி போட்டவர் செய்தால் வரிசையில் நின்று சான்றிதழ் வாங்குகிறோம்.

அன்று காலையும் ஹால் சுவருக்கு முன்னால் கம்பி சாய்ந்தது. ஒன்பது மாதத் தண்ணீர் என்று தீர்ப்பு வந்தது. அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே சொதசொதவென்று ஈரம். கிடங்கே அதிரக் கைதட்டல். கை ஓய்ந்தபிறகு நொரீன் எழுந்து, மத்தியானம் சுவரைத் தான் நனைத்துவைக்கலாமா என்று கேட்டாள்.

"கம்பி பரீட்சை எழுதாது தங்கச்சி" என்று சிரித்தார் ஹட்ஸ்பெத்.

அவரை மாட்டிவிட்டது டுவெயின்தான். பரம பக்தர் அல்லவா! "விடுங்க சார், உங்களுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. அந்தப் பொண்ணோட சந்தேகத்தையும் தீத்து வச்சிருங்க" என்றார். கூட்டமும் உற்சாகமாக விசிலடித்தது. சாமியாருக்குப் பக்தனைவிடப் பெரிய பகையாளி கிடையாது. ஹட்ஸ்பெத் தலையாட்டும்படி ஆயிற்று.

சுட்ட மாட்டிறைச்சியும் பீன்ஸும் தின்று முடித்துக் கூட்டம் திரும்பியபோது நொரீன் காலி வாளியோடு வெளியே வந்தாள். ஹட்ஸ்பெத் உள்ளே நுழைந்தார். குளியலறைச் சுவரோரம் கம்பி சாய்ந்தது. இரண்டு வாரம் என்றார். சமையலறைத் தொட்டிக்குப் பின்னால் இன்னும் பலமாகச் சாய்ந்தது. ஒரு வருஷம் என்றார். குழாயே ஓடாத படுக்கையறையை விசிலடித்தபடி கடந்து வந்துவிட்டார்.

நொரீன் ரம்பத்தை எடுத்தாள். குளியலறைச் சுவரில் தூசி. சமையலறைச் சுவரில் அதைவிட நல்ல தூசி. படுக்கையறைச் சுவரை அறுத்ததும் தண்ணீர் அவள் காலணியில் சொட்டியது.

அவநம்பிக்கைக்காரர்கள் பக்கத்தில் இருந்தால் கம்பி தடுமாறும் என்று ஹட்ஸ்பெத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு விளக்கினார். சொன்னால் நம்பமாட்டீர்கள், அதற்கும் பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

"அது கிடக்கட்டும் சார்" என்றாள் நொரீன். "காலையில ஹால் சுவத்துல இருந்த தண்ணிய யாரு ஊத்துனது?"

"நான்தான். அது என் வேலையாச்சே."

"எப்ப ஊத்துனீங்க?"

"நேத்து சாயங்காலம்."

"நேத்து ஊத்துன தண்ணிக்கு ஒன்பது மாசம் எப்படி சார் ஆச்சு?"

சுவரை நனைப்பவர் யார், எப்போது நனைக்கிறார் என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் இத்தனை நாளும் ஒன்பது மாதம், ஒரு வருஷம் என்று வாயைப் பிளந்திருக்கிறார்கள். பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அந்தச் சிரிப்பு முன்வரிசைக்கு வருவதற்குள் ஹட்ஸ்பெத் பித்தளையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார். சான்றிதழில் கையெழுத்திட ஆள் இல்லை. கேட்கவும் யாருக்கும் முகம் இல்லை.

அன்று மாலையே டுவெயினும் நொரீனும் ஓப்பலின் வீட்டுக்குப் போனார்கள். நொரீன் சுவரை அறுத்தாள். செப்புக் குழாய் புதிதாகக் கிழிந்து வாய் பிளந்திருந்தது. பின்னால் இருந்த மரச்சட்டத்தில் உளுப்பு இல்லை, கறுப்பு இல்லை. உறைபனியில் வெடித்த குழாய் என்று குருடனும் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவான். தவறு நடந்துவிட்டது, பணம் வந்துவிடும் என்று டுவெயின் இழுத்து இழுத்துச் சொன்னார்.

ஓப்பல் நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்லவேண்டும்? சுவரில் இருந்த ஓட்டையையும் நொரீனின் கையில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இந்த ரம்பம் நேத்து எங்க இருந்துச்சு?"

"வண்டியிலதான்" என்றாள் நொரீன்.

மூளையும் நேற்றுத் தலையிலேதான் இருந்தது. இரண்டையும் எடுக்காமல் கம்பியைக் கும்பிட்டவர்கள், ஹட்ஸ்பெத்தை மட்டும் மோசக்காரன் என்று திட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அவன் போய்விட்டான். அடுத்தவன் வருவான். ரம்பத்தைக் கையெட்டும் இடத்தில் வையுங்கள்.